எஞ்சின் விசிலும் பொன்மலையும்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து திடீரென்று "உய்ய்ங்" என்று ஒரு விசில் சத்தம். காராக இருந்தாலும் ரயிலாக இருந்தாலும், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. மீதி வேலை சில சமயம் ஒரு ரப்பர் குழாயை மாற்றுவதோடு முடிந்துவிடும். இந்தக் கண்டுபிடிக்கும் தொழிலுக்குத் திருச்சியில் ஏறக்குறைய நூறு வருட வரலாறு உண்டு. அதன் பெயர் பொன்மலை.

நாகையிலிருந்து பொன்மலைக்கு

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1860களின் தொடக்கத்தில் திருச்சியை எட்டியது. பழுது பார்க்கும் பட்டறை மட்டும் நாகையிலேயே இருந்தது. பின்னாளில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பட்டறை வேலைகளை ஒரே இடத்தில் குவிக்க முடிவு செய்து, 1920களின் இறுதியில் திருச்சிக்கு அருகே பொன்மலையில் பெரிய பட்டறையை அமைத்தது. ஆங்கிலேயர்களுக்கு அது கோல்டன் ராக்.

அது நீராவிக் காலம். நீராவி எஞ்சினில் சத்தம் என்றாலே கசிவு என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். அழுத்தத்தில் இருக்கும் நீராவி சிறு இடுக்கு வழியே பீறிட்டு வந்தால் சீறும், சில சமயம் விசிலடிக்கும். பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் தேய்ந்திருக்கலாம், குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம். கொதிகலனைச் சோதிக்க வேறு வழி உண்டு. அதில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பார்கள். நீராவி வெடித்தால் ஆளையே கொன்றுவிடும். தண்ணீர் கசிந்தால் நனைவதோடு சரி!

1928

இந்தப் பட்டறைக்கு ஒரு கசப்பான தொடக்கமும் உண்டு. வேலைகளை ஒரே இடத்தில் குவித்தபோது ஆட்குறைப்பும் சேர்ந்து வந்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யத் தொழில் தேர்வு வைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. இதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்ற தலைவர்கள் கைதாகித் தண்டனை பெற்றார்கள். வேலைநிறுத்தம் தோற்றது.

பல வருடங்கள் எஞ்சினோடே வாழ்ந்த ஒருவருக்குச் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லத் தெரியும். அந்தக் காதின் அனுபவத்தை ஒரு நாள் தேர்வில் அளக்க முடியுமா? இந்தக் கேள்வி இன்றும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

டீசல் போட்ட விசில்

1960களில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து டீசல் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. அகலப் பாதைக்கு வந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். மீட்டர் கேஜுக்கு ஒய்.டி.எம்.4. இவற்றைப் பழுது பார்க்கும் வேலையும் பொன்மலைக்கு வந்தது. சென்னையிலிருந்து வரும் ரயில் கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் நின்று, காவிரிப் பாலத்தில் ஏறும்போது கேட்ட அந்த நீண்ட விசிலை ஊர்க்காரர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த விசில் பழுது அல்ல என்பதுதான் வேடிக்கை. அது டர்போசார்ஜரின் குரல். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். தண்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்வதால் விசில் பிறக்கிறது.

அப்படியானால் நல்ல விசிலையும் கெட்ட விசிலையும் எப்படிப் பிரிப்பது?

டிரைவர் கைப்பிடியை ஒன்று முதல் எட்டு வரை நகர்த்தும்போது நல்ல விசில் சீராக ஏறும். இடையில் சீறலும் சேர்ந்தால், அழுத்தப்பட்ட காற்று எங்கோ வெளியே போகிறது என்று பொருள். கூடவே காற்றழுத்த மானி இறங்கும், கறுப்புப் புகை வரும், இழுவை குறையும். காற்று போதாமல் டீசல் சரியாக எரியாததே காரணம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி வரும் இடத்தில் குற்றவாளி அகப்படுவான். எஞ்சினை நிறுத்திய பிறகும் காது கொடுக்க வேண்டும். டர்போ சிறிது நேரம் தானாகச் சுழன்று ஓய வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங்கில் கோளாறு. இந்த வரிசையைப் பின்பற்றாமல், கேஸ்கட் போன எஞ்சினுக்கு டர்போவையே மாற்றினால் செலவுதான் மிச்சம், விசில் நிற்காது.

இன்றைய டர்போ டீசல் கார்களுக்கும் இதே பாடம்தான். அளவுதான் சிறியது. டர்போ இல்லாத பெட்ரோல் காரில் காற்று வெளியே போகாது, விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படும். ஆனால் விசில் ஒன்றுதான். பெல்ட் மீது சந்தேகம் இருந்தால், கையை எட்ட வைத்துக்கொண்டு சிறிது தண்ணீர் தெளித்தால் போதும். சத்தம் ஒரு கணம் மாறினால் பெல்ட்தான் காரணம்.

இன்று

மின்சார எஞ்சின்கள் வந்தபின் ஆல்கோ விசில் அருகி வருகிறது. ஆனால் பொன்மலை பழையதை மறந்துவிடவில்லை. 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயிலுக்கு இங்கேதான் புதிய நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டன. 2021ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் பிறந்தது. முதலில் இந்த ரக எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து கப்பலில் வந்தவை.

கருவிகள் எத்தனை வந்தாலும் முதலில் சொல்வது சத்தம்தான். அதைக் கேட்கப் பழகிய காதுகள் ஒரு தலைமுறையோடு போய்விடக் கூடாது.