வெள்ளரிக்காய் சுமந்த பழி

2011 மே மாதம் வட ஜெர்மனியில் பலர் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கால் மருத்துவமனைகளை நாடினர். சிலருக்குச் சிறுநீரகமும் செயலிழந்தது. ஈ.கோலை ஓ104 எனும் கிருமியே காரணம். மே 26ஆம் நாள் ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சுட்டிக்காட்டினர். கடைகள் அதனை அகற்றின; உழவர்கள் விளைச்சலைக் கொட்டி அழித்தனர். ஆனால், அக்காயில் இருந்தது வேறு வகைக் கிருமி என்பது சில நாள்களிலேயே தெரியவந்தது.

நோயுற்றோர் உண்ட உணவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபின், முளைகட்டிய விதைகளே காரணம் என ஜூன் 10ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. எகிப்திலிருந்து வந்த வெந்தயமே மூலமாக இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர். அவ்வெந்தயத்தைச் சந்தையிலிருந்து மீட்டு அழிக்க ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஆணையிட்டது. இந்நோய்ப் பரவலில் ஜெர்மனியில் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எச்சரிக்கை தாமதித்தால் உயிர் போகும். அவசரப்பட்டால் உழவரின் பிழைப்பு போகும்.

பெற்றோர்களே, விதை முளைக்க உதவும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் உதவுகின்றன. முளைப்பயறு சத்தானதே, எனினும் நன்கு வேகவைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆசிரியர்களே, 'தீர விசாரிப்பதே மெய்' எனும் பழமொழியைக் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் கூறுங்கள்.