மின்சாரம் அற்ற கணமும் எழுதி முடியாத கோப்பும்

புத்தளம் கடலேரியின் கிழக்கே, காலா ஓயா கடலேரியொடு கலக்கும் பகுதியைத் தன்னகத்தே கொண்ட பிரதேசம் வண்ணாத்திவில்லு. கடலேரிக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டில், 2011 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட் ஆற்றல் உடையது அது. இத்துணை அண்மையில் அந்நிலையம் இருந்தும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முற்பகலில் இலங்கை முழுவதும் இருண்டபோது இவ்வூருக்கும் விலக்குக் கிடைக்கவில்லை. தெற்கே பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டமையே காரணம் என்று அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். நுரைச்சோலையின் இயந்திரங்கள் மூன்றும் நின்றுபோயின.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்கள் மூடியிருந்தன. வேலை நாளொன்றில், பிரதேச செயலகத்து லிகிதர் ஒருவர் காணிப் பதிவொன்றைக் கணினியிற் சேமிக்கும் அதே கணத்தில் இது நேர்ந்திருப்பின் என்னாகும்? 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்த மாவட்டம் இது. ஆவணங்களை விட்டுவிட்டு வந்தோர்க்குப் பதிவேட்டின் ஒரு வரி எத்துணைப் பெறுமதி உடையது என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கோப்பைச் சேமித்தல் என்பது கணினிக்கு ஒரு செயலன்று. பல செயல்களின் தொகுதி. பெயரை ஓரிடத்தில் எழுத வேண்டும். வட்டில் எப்பகுதி நிரம்பியது என்னும் கணக்கை வேறோரிடத்தில் எழுத வேண்டும். உள்ளடக்கத்தைப் பிறிதோரிடத்தில் எழுத வேண்டும். இடையில் மின்சாரம் அற்றால் பெயர் இருக்கும், பொருள் இராது. கடைக்காரர் பற்றுக் கொப்பியில் ஆளின் பெயரை எழுதி, தொகையை எழுதுமுன் விளக்கு அணைந்த கதைதான்.

1970 களின் பிற்பகுதியில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு டெட் கொவல்ஸ்கி எழுதிய எஃப்.எஸ்.சி.கே. என்னும் நிரல், மின்சாரம் மீண்டபின் வட்டு முழுவதையும் ஆராய்ந்து முரண்களைச் சீர்செய்தது. வட்டுகள் பெருக, அவ்வாராய்ச்சி மணிக்கணக்காக நீண்டது. அதன்மேல், தரவுத்தளங்களில் வழங்கிய குறிப்பேட்டு முறை கோப்பு முறைமைகளுக்கும் வந்தது. செய்யப்போவதை முதலிற் குறிப்பேட்டில் எழுதி, பின்னரே உரிய இடத்தில் எழுதுவது அம்முறை. ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3 என்னும் முறைமை 2001 இல் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கேர்னலிற் சேர்ந்தது.

ஆயினும் குறிப்பேட்டை எழுதும் நிரலும் மனிதர் எழுதியதே. அது பிழையின்றி இயங்குகிறது என்பதை யார் உறுதி செய்வது? சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் தன் எக்ஸ்.எஃப்.எஸ். முறைமைக்கென ஒரு சோதனைத் தொகுப்பை ஆக்கியது. ஒவ்வொரு சோதனையும் ஒரு சிறு நிரல். வரவேண்டிய விடை அதன் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். வந்த விடை வேறாயின் சோதனை தோல்வி. பின்னர்ப் பிற முறைமைகளுக்கும் பொதுவாகி எஃப்.எஸ்.டெஸ்ட்ஸ் எனப் பெயர்பெற்ற இத்தொகுப்பை, மெய்நிகர்க் கணினிகளில் முழுவதும் தானாகவே ஓடச் செய்யும் கருவியைத் தியடோர் சோ என்னும் கேர்னல் வல்லுநர் அமைத்தார். கேர்னலில் ஒரு வரியைத் திருத்தியவர், சோதனைகளை ஏவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

எனினும் இவற்றுட் பல, முன்பு கண்ட வழு மீண்டும் தலைகாட்டாதிருக்க எழுதப்பட்டவை. கள்வன் வந்துபோன வாசலுக்கு இட்ட பூட்டுகள். மின்தடையோ எந்தக் கணத்திலும் நேரலாம்.

இவ்விடத்திலேதான் தமிழ்ப் பெயர்கள் சில இவ்வரலாற்றுட் புகுகின்றன. 2014 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலியோர் அலிஸ் என்னும் கருவியை வெளியிட்டனர். பெயர்பெற்ற 11 மென்பொருள்களில், இடைமுறிவின்போது தரவைக் கெடுக்கக்கூடிய 60 பலவீனங்களை அது காட்டிற்று. மறு ஆண்டில், வட்டுக்குச் செல்லும் எழுத்துகள் அனைத்தையும் வரிசை தவறாது பதிந்துவைக்கும் வசதியை ஜோசப் பாசிக் லினக்ஸ் கேர்னலிற் சேர்த்தார்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது அடுத்த கருவி. விஜய் சிதம்பரம், ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு, ஆஷ்லி மார்ட்டினஸ், சௌஜன்யா பொன்னப்பள்ளி ஆகியோர் அதற்கு இட்ட பெயர் கிராஷ் மங்கி. முறிவுக் குரங்கு என்னலாம். பாணந்துறைக் குரங்குக்கு மூத்தது இது! அவர்கள் முதலில் பழைய வழுக்கள் 26 ஐ எடுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ எல்லாமே மூன்று செயல்களுக்குள், புதிதாக ஆக்கிய சிறு வட்டிலேயே தோன்றத்தக்கவை எனக் கண்டனர். ஆகவே குருட்டுத்தனமாக எங்கும் தேட வேண்டியதில்லை. பெயர்மாற்றல், அழித்தல், நீட்டல் போன்ற சிறு செயல்களின் சேர்க்கைகளை அவ்வெல்லைக்குள் ஒன்றுவிடாது இயந்திரமே ஆக்கி ஓட்டினாற் போதும். மெய்யாகவே மின்சாரத்தை அறுப்பதில்லை. எழுத்துகளைப் பதிந்து, அறுந்திருந்தால் வட்டு எந்நிலையில் இருந்திருக்குமோ அந்நிலையைப் படைத்துச் சரிபார்க்கும். 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகளை அவ்வாறு ஓட்டினர். பழைய வழுக்கள் 26 இல் 24 மீண்டும் அகப்பட்டன. லினக்ஸ் முறைமைகளிற் புதியன 10 வெளிப்பட்டன. அப்பத்தில் ஏழு, 2014 முதலே எவர் கண்ணிலும் படாது கேர்னலிற் குடியிருந்தவை.

இன்னொரு வழு எஃப்.எஸ்.சி.கியூ. என்னும் முறைமையில் அகப்பட்டது. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஆக்கப்பட்ட அது, இடைமுறிவிலும் தரவு கெடாது என்று கணித நிரூபணத்தோடு எழுதப்பட்டது. நிரூபணத்திற் குற்றமில்லை. நிரூபிக்கப்பட்ட பகுதியை வெளியுலகத்தோடு இணைத்த, நிரூபிக்கப்படாத சிறு துண்டிலே வழு ஒளிந்திருந்தது.