ஓய்வு நாளும் நம் இல்லங்களும்
(ஒரு வரலாற்றுப் பார்வை)

ஜூபிலி கொண்டாடும் நாம், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் நினைவில் கொள்வது நலம். 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும். இஸ்ராயேல் மக்களுக்கு ஏழாம் நாள் ஓய்வு நாள்; ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு ஆண்டு; ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்படும். அப்போது அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்புவான். விற்ற நிலம் உரியவனிடம் திரும்பி வரும். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இதை விரிவாகச் சொல்கிறது. ஆகவே ஜூபிலி என்பது ஓய்வு நாளின் வழிவந்த விழாவே. தாயை மறந்து மகளுக்கு விழா எடுக்கலாகாது என்பதால், இம்மலரில் ஆண்டவருடைய நாளின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இரு கட்டளைகளின் உறவு

பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வம் வேண்டாம் என்கிறது. மூன்றாவது, ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்கச் சொல்கிறது. இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை. யாத்திராகமம் என்று நம் பெரியோர் அறிந்த விடுதலைப் பயண நூல், படைப்பின் ஏழாம் நாளை ஓய்வுக்குக் காரணமாகக் காட்டுகிறது. உபாகமமோ, எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்று மற்றொரு காரணம் காட்டுகிறது. பார்வோனிடம், இறைவனை வழிபட விடுப்புத் தாரும் என்று மோயீசன் கேட்டபோது, அவன் வைக்கோலை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கையில் செங்கல் அறுக்கச் சொன்னான். மெய்யான இறைவன் தம் மக்களுக்கு ஓய்வு தருகிறார். பொய்த் தெய்வம் ஓய்வைப் பிடுங்குகிறது. அதை அடையாளம் கண்டுகொள்ள இது நல்ல உரைகல்.

விக்கிரக ஆராதனை என்றதும் அயலாரின் ஆலயத்தை நோக்கி விரல் நீட்டுகிறவர்கள் உண்டு. கபாலீஸ்வரர் கோயிலுக்கும் சாந்தோம் பேராலயத்துக்கும் நடுவே வாழும் மயிலைக் கத்தோலிக்கருக்கு அது அழகன்று. கட்டளை நமக்குத் தரப்பட்டது, நம் வீட்டைச் சோதித்துக்கொள்வதற்காக. பேராசையே விக்கிரக ஆராதனை என்று புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியபோது, ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களுக்கே எழுதினார்.

உயிர் கொடுத்துக் காத்த நாள்

ஆதித் திருச்சபையாருக்கு ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை. ஏறக்குறைய கி.பி. 155-ல் புனித ஜஸ்டின், கதிரவனின் நாளில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடி, வாசகம் கேட்டு, அப்பத்தைப் பகிர்ந்து, இல்லாதவருக்குக் காணிக்கை சேர்த்த முறையை எழுதி வைத்தார். கி.பி. 304-ல் தியோக்ளேசியன் காலத்தில், வட ஆப்பிரிக்காவின் அபித்தீனா ஊரில் ஓர் இல்லத்தில் கூடியதற்காக 49 பேர் பிடிபட்டனர். ஆணையை மீறி ஏன் கூடினீர்கள் என்று கேட்டதற்கு, அந்தக் கூட்டமின்றித் தங்களால் இருக்க இயலாது என்றார்கள்; தங்கள் உயிரையும் அதற்காகக் கையளித்தார்கள். அவர்கள் கூடிய இடம் ஒரு குடும்பத்தின் வீடு என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கி.பி. 321-ல்தான் கான்ஸ்தந்தீன் பேரரசர் ஞாயிறன்று நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஓய்ந்திருக்கச் சட்டம் செய்தார். உழவருக்கு மட்டும் விலக்களித்தார்.

நம் நாட்டில், 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஞாயிறுதோறும் ஆண் பெண் சிறுவர் அனைவரையும் கூட்டி, செபங்களை அவர்கள் மொழியிலேயே சொல்ல வைத்தார். 1545-ல் நம் சாந்தோமிலும் சில மாதங்கள் தங்கினார். தென்கடற்கரையின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்னும் வழக்கம் இன்றும் உண்டு. அன்றாடம் பிடித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ளவர்கள், ஒரு நாள் வலையைக் கரையில் வைத்துவிட்டு இறைவனை நம்புகிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இது பெரிய பாடம்.

நாளைப் பறித்தவர்களும் மீட்டவர்களும்

பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-ல் பத்து நாள் கொண்ட வாரத்தை ஏற்படுத்தினர். அது நிலைக்கவில்லை. சோவியத் ரஷ்யா 1929-ல் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்து, தொழிலாளரைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு கொடுத்தது. இயந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள் என்றாயிற்று. ஓய்வு இருந்தும் குடும்பம் கூட வழியில்லாமற்போனது. 1940-ல் அவர்களே ஏழு நாள் வாரத்துக்குத் திரும்பினார்கள்.

இந்தியாவில் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வைப் பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர், மகாத்மா பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே. 1884-ல் பம்பாயில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரின் கையொப்பத்துடன் அவர் விண்ணப்பம் அளித்தார். 1890 ஜூன் 10-ல் ஆலை முதலாளிகள் இணங்கினர். மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. அதே 1891-ல்தான் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர், தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை உழைப்பவரின் உரிமையாக வலியுறுத்தினார். கிறிஸ்தவரல்லாத ஒருவர் நம் ஆண்டவருடைய நாளுக்காக உழைத்தார் என்பதை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் நகரிலும் இந்தக் குரல் எழுந்தது. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பிறரும் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். பெரம்பூர் ஆலைகளில் நண்பகல் உணவுக்குப் போதிய நேரமில்லை என்பது அன்றைய முறையீடுகளில் ஒன்று. 1947-ல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறையை உறுதி செய்தது.

தியாகராய நகர் நமக்குச் சொல்வது

1920-களில் உருவாகி, சர் பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கிய அந்நகரில், ஞாயிறுதான் இன்று வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாள். 2019-ல் அரசு, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. 2022-ல் அதை நீட்டித்தது. ஊழியருக்கு வார விடுமுறை முறைவைத்துத் தரப்பட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டப்படி ஓய்வு உண்டு; ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையான நாளில் தாய் துணிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பது வெறும் பேச்சன்று. வேலை நேரத்தில் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் சட்டமன்றம் அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை நாள் முழுதும் நின்றே விற்ற சகோதரிகளிடம் சேலை விரிக்கச் சொல்லி, பூசை முடிந்த கையோடு விலை பேசியவர்களில் நாமும் உண்டு.

நம் வீட்டுப் பீடங்கள்

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின், ஞாயிறு மாலைப் படம் வீட்டாரை ஒரே அறையில் அமர்த்தியது. கைபேசியோ அவர்களை ஆளுக்கொரு மூலையில் அமர்த்தியிருக்கிறது. இன்னும் பெரிய தெய்வம் தேர்வு மதிப்பெண். ஞானோபதேச வகுப்பு நேரத்தில் நீட் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆயினும் எந்தத் தெய்வம் ஒரு நாளும் போதும் என்று சொல்வதில்லையோ, அதன் முன் நம் பிள்ளையை நிறுத்துகிறோம் என்று அறிய வேண்டும்.

அடுக்களையையும் பார்ப்போம். ஞாயிறு விருந்தென்றால் வீட்டுத் தாய்க்கு அன்றே மிகுந்த வேலை. கட்டளையின் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மாடு என எல்லாரும் உண்டு. மனைவி தனியே சொல்லப்படவில்லை. 'நீ' என்ற சொல்லில் அவளும் கணவனோடு சேர்ந்தே நிற்கிறாள் என்பர் விளக்கவுரையாளர். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கோ வாரத்தில் ஒரு நாள் உண்டா என்பதைக் கேட்டுக்கொள்வோம்.

செவிலியர், ஓட்டுநர், காவலர் போன்றோர் ஞாயிறன்று உழைப்பது பாவமன்று; ஓய்வு நாள் மனிதனுக்காகவே என்று ஆண்டவர் கற்பித்தார். சனி மாலைத் திருப்பலியையும் திருச்சபை அனுமதித்திருக்கிறது. இரண்டாம் ஜான் பால் 1998-ல் எழுதிய திருமடலும், இந்த நாளைச் சுமையாகக் கருதாமல் கொடையாக ஏற்க அழைத்தது.

இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வொரு குடும்பமும் நான்கு காரியங்களைத் தீர்மானிக்கலாம். துணிமணியை வாரநாளில் வாங்குவோம். வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளம் குறையாமல் ஞாயிறு விடுப்புக் கொடுப்போம். ஞானோபதேச நேரத்தில் வேறு வகுப்பு வேண்டாம் என்போம். கணவரும் பிள்ளைகளும் கைகொடுத்துச் சமைத்த எளிய உணவை, கைபேசியை அப்புறப்படுத்திவிட்டு ஒன்றாக உண்போம். கடையில் நிற்கும் நம் பங்குச் சகோதரியின் விடுப்பு எந்த நாளில் வருகிறதோ, அன்று மாலை அன்பியத்தார் அவள் வீட்டில் கூடிச் செபிப்போம்.

எகிப்தின் அடிமைத்தனத்தினின்று தம் மக்களை மீட்ட ஆண்டவர், நம் இல்லங்களுக்கும் தம்முடைய இளைப்பாறுதலைத் தந்தருள்வாராக.