செத்த காலேஜின் ஆசிரியர்கள்

சென்னையின் பழைய குடிமக்கள் பேச்சில் இரண்டு காலேஜ்கள் இருந்தன. ஒன்று உயிர் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். முன்னது மூர்மார்க்கெட்டை ஒட்டி இருந்த விலங்குக் காட்சிச்சாலை. பின்னது எழும்பூர் பாந்தியன் சாலையில் இன்றும் இருக்கிற அரசு அருங்காட்சியகம். காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் இவ்விரு காலேஜ்களுக்கும் சென்று வந்த மக்களில் பெரும்பாலோர் வேறெந்தக் காலேஜின் வாசலையும் மிதித்தறியாதவர்கள். செத்த காலேஜ் என்ற சொல்லைக் கேட்டால் இன்று நாம் சிரிக்கிறோம். எனக்கென்னவோ அந்த நிறுவனத்துக்கு இடப்பட்ட பெயர்களிலேயே பொருட்செறிவு மிக்கது அதுதான் என்று தோன்றுகிறது.

'அருங்காட்சியகம்' என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரிய காட்சிகள் வைக்கப்பட்ட அகம். பார்ப்பது, வியப்பது என்பதோடு அச்சொல் நின்றுவிடுகிறது. ஈழத்தில் வழங்கும் 'நூதனசாலை'யும் புதுமையையே சுட்டுகிறது. கற்றல் என்ற கருத்து பேச்சுவழக்கின் 'காலேஜில்' மட்டுமே இருக்கிறது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருந்திருக்கலாம். 1851இல் இந்தக் காட்சிச்சாலை தொடங்கப்பட்டபோது அதற்கு இடம் தந்தது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடம். கம்பெனி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பயின்ற கல்லூரி அது. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மக்கள் அந்த இடத்தின் பெயரைப் பொருளுக்கு ஏற்றிச் சொல்லியிருக்கக்கூடும். காரணம் எதுவாயினும் பெயர் நிலைத்துவிட்டது. காலேஜ் என்றால் ஆசிரியர் வேண்டுமல்லவா? இந்தக் காலேஜின் ஆசிரியர்கள் யார், அவர்கள் எதை, யாருக்குக் கற்பித்தார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பெயர் எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். பின்னாளில் இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும் அவரே. சென்னை இலக்கியச் சங்கத்திடமிருந்து பெறப்பட்ட நிலவியல் மாதிரிகள் சுமார் 1,100. அவைதாம் தொடக்க முதல். கல்லும் கனிமமும் மட்டும் இருந்தால் அறிஞர் நால்வர் வருவர், ஊர் வராது. பால்ஃபருக்கு ஊர் வர வேண்டியிருந்தது. 1854 இறுதியில் சேகரிப்பு எழும்பூரிலிருந்த பாந்தியன் மாளிகைக்கு மாறியது. ஐரோப்பியர் விருந்துண்டு நடனமாடிய இடம் அது. அடுத்த ஆண்டே அவர் உயிருள்ள விலங்குகளை அங்கே கொண்டுவந்து வைத்தார். ஆர்க்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். ஓராண்டுக்குள் 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன. வந்தவர் தொகை பன்மடங்கு பெருகியது. புலியைப் பார்க்க வந்தவன் போகிற போக்கில் கல்லையும் பார்த்துப் போவான் என்பது அவர் கணக்கு. கடலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரி என மாவட்டங்களிலும் சிறு காட்சிச்சாலைகள் அவர் காலத்தில் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

1860களின் தொடக்கத்தில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்தன. 1985இல் அவற்றின் வழிவந்த காட்சிச்சாலை வண்டலூருக்குச் சென்றது. எழும்பூரில் எஞ்சியது செத்த காலேஜ். புலி போன பிறகு அங்கு வருகிறவனுக்கு எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்ற கேள்வி அப்போது பிறந்தது. அக்கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.

நிர்வாகம் என்ற சொல் இலக்கிய வாசகருக்குச் சற்றுச் சலிப்பூட்டும். கோப்பு, வரவு செலவு, பணியாளர் பட்டியல் என்றே அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் காட்சிச்சாலையில் நிர்வாக முடிவு ஒவ்வொன்றும் ஒரு பாடத்தை உண்டாக்குகிறது அல்லது அழிக்கிறது. அமராவதிச் சிற்பங்களின் கதையே இதற்குச் சான்று. கிருஷ்ணை ஆற்றங்கரைத் தூபியில் 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பளிங்குக் கற்கள் சென்னைக்கு வந்தன. ஆண்டுக்கணக்கில் இங்கே கிடந்த பின் 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று காணப்படும் சிற்பங்களில் பெரும்பகுதி அவையே. பின்னர் சூவெல், பர்ஜஸ் முதலியோர் அகழ்ந்தவை எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. அப்போதைய கண்காணிப்பாளர் ஜார்ஜ் பிடீ அவற்றைச் சுவரோடு சேர்த்துச் சிமெண்டால் பதித்துவிட்டார். பர்ஜஸ் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. விழுந்து உடையாமல், திருடு போகாமல் காப்பதற்கு அதுவே வழி என்று ஒரு நிர்வாகி எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் பின்புறத்திலும் செதுக்கல் உள்ள கல்லின் ஒரு முகம் அதனால் மறைந்தது; சுண்ணமும் உப்பும் கல்லுக்குள் இறங்கின. கெட்ட எண்ணம் எதுவுமின்றி, பொறுப்புணர்வோடு செய்யப்பட்ட கேடு அது. நூறாண்டுக்குப் பின் வந்தவர்கள் அச்சிமெண்டோடு போராட வேண்டியதாயிற்று.

பிடீக்குப் பின் 1885இல் வந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1908 வரை பொறுப்பில் இருந்தார். இன்று நாம் காணும் வளாகத்தின் தோற்றம் பெரும்பாலும் அவர் காலத்தது. கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. அருங்காட்சியக அரங்கும் அக்காலத்தில்தான் எழுந்தது. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு 1904இல் இங்கு வந்து சேர்ந்தது. கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கப்பட்டதும் தர்ஸ்டன் காலத்து ஏற்பாடே. கல்வி நிலையங்கள் பெண்களை வாசலில் நிறுத்திய காலத்தில் செத்த காலேஜ் கதவைத் திறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே தர்ஸ்டன் மனிதரை அளந்தவரும் ஆவார். மூக்கின் நீள அகலம், தலையின் சுற்றளவு, தோளின் விரிவு என்று கருவிகொண்டு அளந்து, சாதிகளையும் பழங்குடிகளையும் எண்களாகக் குறித்தார். காட்சிச்சாலைக்கு வந்தவர்களும் அவருடைய கருவிக்குத் தப்பவில்லை. பார்க்க வந்தவரே பார்வைப்பொருளாக மாறிய நிலை அது. 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற அவருடைய ஏழு தொகுதிகள், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளிவந்தன. அத்தொகுதிகளின் தகவல் வளத்தை இன்றும் ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். ஆனால் மாணவனையே கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்ட ஆசிரியரை என்னவென்று சொல்வது? வந்தவனுக்குக் கற்பிப்பதற்கும் வந்தவனைக் கற்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. தர்ஸ்டன் அக்கோட்டின் இருபுறமும் நின்றார்.

1920இல் பொறுப்பேற்ற கிரேவ்லி விலங்கியல் அறிஞர். அவரது இருபது ஆண்டுகளை இந்தக் காலேஜின் பொற்காலம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. காரணம், தம் துறையல்லாத துறைகளுக்கு உரியவர்களைத் தேடி அருகே அமர்த்திக்கொண்டார். டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய தென்னிந்திய உலோகப் படிமங்களின் அட்டவணை 1932இல் வெளியாயிற்று. அதற்குச் சற்று முன், 1930இல், ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதன் பொறுப்பாளர் எஸ். பரமசிவன்.

பரமசிவன் செய்த வேலையைத் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மண்ணுக்கடியில் நூற்றாண்டுகள் கிடந்து வெளிவரும் செப்புப் படிமத்தின் மேல் உப்பு படிந்திருக்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று பட்டதும் அவ்வுப்பு உலோகத்தைத் தின்னத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடியாக உலோகம் உதிரும். ஒரு படிமத்தில் தொடங்கினால் நிற்காமல் பரவுவதால் அதை நோய் என்றே சொல்வர். மின்பகுப்பு முறையில் அவ்வுப்பைப் பிரித்தெடுத்து, மறைந்திருந்த நகையின் கோடுகளையும் விரலின் வளைவையும் அவர் மீட்டார். செல்லரித்த ஏட்டிலிருந்து சிதைந்த எழுத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணிதான் அது. உ. வே. சாமிநாதையர் சென்னையில் ஏடுகளோடு வாழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரின் மற்றொரு மூலையில் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மூலம் கிடைத்தால் போதாது, உரை வேண்டும். அந்த உரையாசிரியராக வாய்த்தவர் சி. சிவராமமூர்த்தி. சமஸ்கிருதப் புலமையும் தூரிகைப் பயிற்சியும் ஒருங்கே உடையவர். அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் அவர் எழுதிய நூல், பிடீ சுவரில் புதைத்த கற்களைப் பேசவைத்தது. அணிகலன், ஆடை, கட்டில், கருவி என ஒவ்வொன்றையும் கோட்டோவியமாக வரைந்து, இலக்கியத்தில் வரும் பெயரோடும் வருணனையோடும் பொருத்திக் காட்டினார். அதுவரை பௌத்தச் சிற்பம் என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோன கல்லில் ஒரு வாழ்க்கையே திறந்தது. பின்னாளில் அவர் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

கிரேவ்லியை அடுத்து 1940இல் கண்காணிப்பாளர் இருக்கைக்கு வந்தவர் ஏ. ஐயப்பன். கேரளத்து ஈழவர் சமூகத்தவர். லண்டனில் மானிடவியல் பயின்றவர். தர்ஸ்டனின் தொகுதிகளில் ஈழவரைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அத்தொகுதிகள் உருவான இடத்துக்கே, அவற்றில் எழுதப்பட்ட சமூகத்தின் மகன் தலைவராக வந்தார். வந்து, தம் சமூகம் மாறிக்கொண்டிருந்த விதத்தை உள்ளிருந்து ஆராய்ந்து, 1940களின் நடுவில் அருங்காட்சியக வெளியீடாகவே பதிப்பித்தார். அதில் மூக்களவு பெரிதன்று. சாதி ஒடுக்குமுறையும் அதை எதிர்த்தெழுந்த மாற்றமுமே பெரிது. இந்தக் காலேஜின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தேர்ச்சி ஒன்று நிகழ்ந்ததாக நான் கருதவில்லை. பேழைக்குள் வைக்கப்பட்டவன் வெளியே வந்து விளக்கவுரை எழுதினான்.

ஐயப்பன் காலத்தில் மற்றொன்றும் நடந்தது. அருங்காட்சியகப் பணி என்பது மருத்துவரோ விலங்கியலாரோ உடன் பார்க்கும் வேலையாக இருந்த நிலை மாறி, தனித்தொழிலாகக் கற்கப்படத் தொடங்கியது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952இல் அருங்காட்சியகவியல் துறை பிறந்தது. 1960இல் ஐயப்பனும் எஸ். டி. சத்தியமூர்த்தியும் பதிப்பித்த அருங்காட்சியகத் தொழில்நுட்பக் கையேடு சென்னையிலிருந்து வெளிவந்தது. பிடீக்கு அப்படியொரு கையேடு கிடைத்திருந்தால் சிமெண்டுக் கலவை கலக்கப்பட்டிருக்காது.

இத்தனையும் சொல்லக் காரணம் உண்டு. இன்று நம்மிடையே அருங்காட்சியகங்கள் பெருகுகின்றன. 2023இல் செட்டிநாட்டுப் பாணியில் எழுந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டத்தைக் கண்டவர் எவரும் தமிழருக்குத் தொன்மையில் நாட்டமில்லை என்று சொல்லார். பால்ஃபர் புலியைக் கொண்டு அழைத்த ஊர் இன்று பானை ஓட்டைப் பார்க்கத் தானாகவே வருகிறது. இது மகிழத்தக்கதே. ஆனால் கட்டடம் திறக்கப்படும்போது அதன் பரப்பும் செலவும் செய்தியாகின்றனவே தவிர, உள்ளே நின்று சொல்லித்தர எத்தனை பேர், அவர்கள் எங்கே பயின்றவர்கள் என்ற கேள்வி எழுவதில்லை. பெயர்ப்பலகையில் ஊர், நூற்றாண்டு, உலோகம் என்ற மூன்று சொற்கள் இருந்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. அம்மூன்றும் மூலபாடம் மட்டுமே. பெருமிதத்தோடு வந்தவன் பெருமிதத்தோடு திரும்புகிறான், கேள்வியோடு திரும்புவதில்லை.

என் வகுப்பு மாணவர்களை எழும்பூருக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். புறநானூற்றில், இறந்தவனுக்குத் தாழி வனையுமாறு குயவனை விளித்துப் பாடும் பாடல்கள் உள்ளன. பாட்டை அவர்கள் வகுப்பில் படித்திருப்பார்கள்; பொருளும் சொல்வார்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை இருக்கும் கூடத்தில், தாழியின் முன் நின்று அதே பாட்டை ஒருமுறை சொல்லச் சொல்வேன். ஓர் ஆண்டு ஒரு மாணவி பாதியில் நிறுத்தி, "ஐயா, இதற்குள் ஆள் எப்படி உட்காருவார்?" என்று கேட்டாள். முழு உடலையா, எலும்புகளை மட்டுமா, காலை மடக்கியா, பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவா என்று அடுத்த அரைமணி நேரம் அங்கேயே விவாதம் நடந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. அந்தக் குடும்பத்துப் பாட்டி, தன் பேரனிடம் தாழியைக் காட்டி ஏதோ விளக்கத் தொடங்கியிருந்தார். அவர் சொன்னது முழுவதும் சரியா என்பது எனக்குத் தெரியாது. காலேஜ் நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும்.