பனிமலையில் பசுங்காய்

பயிர்த்தொழிலுக்கு இன்றியமையாதன யாவை என வினவின், நிலமும் நீரும் என விடை பகர்வோம். காலமும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்பதை உணர விரும்புவோர், இமயத்திற்கு அப்பாலுள்ள லாஹௌல், லடாக் பகுதிகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் கூட்டினும் 10 சென்டிமீட்டர் அளவே தேறும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் தாழ்வதுண்டு. ஆகவே வேனிலின் சில திங்களுக்குள் விதைத்து, வளர்த்து, அறுத்து முடித்தாக வேண்டும். வாற்கோதுமையும் பட்டாணியும் முள்ளங்கியும் டர்னிப் கிழங்குமே பண்டுதொட்டு அம்மக்களைக் காத்து வந்தன.

1850களில் லாஹௌலின் கேலாங் என்னும் ஊரில் மொரேவியச் சபைப் பாதிரிமார் குடியேறினர். அவர்களுள் ஒருவரான யேஷ்கே, திபெத்திய மொழிக்குச் சிறந்ததோர் அகராதியை 1881இல் அளித்தவர். அப்பாதிரிமார் கொணர்ந்த மற்றொரு செல்வம் உருளைக்கிழங்கு. நூறாண்டுக்குப் பின்னர் அதன் முழுப்பயனும் விளங்கிற்று. கிழங்குச் செடிக்கு நச்சுயிரி நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அக்குளிரில் பெருகுவதில்லை. எனவே நோயற்ற விதைக்கிழங்கு அங்கு விளைந்தது. 1966இல் உழவர்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதனைச் சமவெளிகளுக்கு அனுப்பலாயினர். பகையென எண்ணிய குளிரே செல்வம் தரும் துணையாயிற்று!

லடாக்கில் மாற்றம் வேறொரு வழியால் வந்தது. முன்னாளில் குளிர்காலத்தில் பல திங்கள் சாலை அடைபட்டுக் கிடக்கும். எல்லை காக்கும் வீரர்க்குப் பசுங்காய் கிட்டுவது அரிதாயிற்று. 1962இல் லேயில் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று தோன்றியது. எக்காய் அம்மண்ணில் விளையும் என அது ஆராய்ந்து உழவர்க்குக் கற்பித்தது. பள்ளம் தோண்டி, மேலே பாலிதீன் தாள் பரப்பி, மண்ணின் வெப்பத்தையும் பகலவன் வெப்பத்தையும் காத்து, கடுங்குளிரிலும் கீரை வளர்க்கும் முறை இன்று அங்கு வழக்கில் உள்ளது.

ஆயினும் நீரின் இடர் தீரவில்லை. விதைப்பு நடைபெறுவது ஏப்ரல், மே திங்களில். உயர்ந்த சிகரங்களின் பனி உருகி நீர் வருவதோ ஜூனில். இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டவர் லடாக்கியப் பொறியாளர் செவாங் நோர்பெல். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை மலை நிழலுக்குத் திருப்பி, கற்சுவர்களால் தடுத்து, அடுக்கடுக்காய் உறையச் செய்தார். ஊருக்கு அண்மையில் தாழ்ந்த இடத்தில் இருத்தலின் அப்பனி முன்னதாகவே உருகி, விதைப்புக்கு உதவிற்று. 1987இல் அவர் தொடங்கிய இப்பணிக்கு 2015இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது.

இன்று உலக வெப்பம் மிகுந்து இமயப் பனிப்பரப்பு சுருங்கி வருகின்றது. உறைய வைக்க ஓடையில் நீரே இல்லையேல் எந்த அறிவும் உதவாது. கோடையில் அம்மலைகளுக்குச் செல்லும் அன்பர்கள், தம் தட்டில் இடப்படும் கீரைக்குப் பின்னே நிற்கும் உழைப்பையும் கவலையையும் ஒருகணம் எண்ணுவார்களாக. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மண்ணில் வேரூன்றியோர்க்கு அவ்வுழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.