மாற்றுத்திறனாளி

‘ஊனம்’ வடசொல் வழி வந்தது. ‘ஊன’ என்றால் குறைந்தது. ஆளையே குறையாகச் சொன்ன ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை 2010-இல் தமிழக அரசு கைவிட்டது. அதற்குப் பதில் வந்த பெயர் ‘மாற்றுத்திறனாளி’: மாற்று + திறன் + ஆளி. இந்த ‘ஆளி’ தொழிலாளி, அறிவாளி என்பவற்றில் வருவதுதான். உடையவர் என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

பெயர் மாறியது, நிலை மாறவில்லை. சக்கர நாற்காலியில் வேலைக்குப் போகும் என் தோழி காலை எட்டு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. அலுவலகக் கழிப்பறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுத்துவிடுகிறாள். “அடிக்கடி லீவு போடுறா” என்று அதற்கும் பேச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு தருகிறது. பணியிடத்தில் தக்க வசதி செய்துதரவும் சொல்கிறது. அலுவலகம் நடத்துகிறவர்களே, முதலில் அந்தக் கதவை அகலப்படுத்துங்கள்.