அசைவூட்டப் பின்னூட்டம்

அசைவூட்டப் பின்னூட்டம் என்பது கணினி அசைவூட்டம் செய்பவரின் முடிவுறாத படைப்பைப் பிறர் பார்த்து, அதன் குறைகளையும் திருத்தும் வழிகளையும் எடுத்துரைத்தல் ஆகும். அசைவூட்ட நிறுவனங்களில் இப்பணியை இயக்குநர் செய்கின்றார். பொழுதுபோக்காகப் பயில்வோர் பெரும்பாலும் தனித்தே பணிபுரிவதால், சக பயிலுநரின் கருத்தே அவர்களுக்குப் பயிற்சியாக அமைகின்றது. 2002 அக்டோபரில் பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாக வெளியானதால், அத்தகையோர் உரிமக் கட்டணமின்றிப் பயில முடிகின்றது.

அளவுகோல்கள்

பிராங்க் தாமஸ், ஒல்லி ஜான்ஸ்டன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் 12 கொள்கைகளை விளக்கினர். 1987 இல் ஜான் லாசெட்டர் அத்தகைய கொள்கைகளைக் கணினி அசைவூட்டத்துக்குப் பொருத்திக் காட்டினார். "நன்றாக இல்லை" என்பதைவிட, எந்தச் சட்டகத்தில் எக்கொள்கை பிறழ்ந்தது எனக் கூறுவதே பயன் தரும்.

எடுத்துக்காட்டு

திருவரங்கத்துச் சித்திரைத் தேரோட்டத்தை ஒருவர் அசைவூட்டுவதாகக் கொள்வோம். நின்ற தேர் உடனே முழு வேகத்தில் நகர்ந்தால் அதன் எடை புலப்படாது. தொடக்கச் சட்டகங்களில் நகர்வைக் குறைத்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 6.28 மீட்டர் உருளும். தேர் அதைவிடக் கூடுதலாக நகர்ந்தால் சக்கரம் வழுக்குவதாகத் தோன்றும்.

நுட்ப உதவி

உதவி கோருபவர் மென்பொருளின் பதிப்பெண்ணைக் குறிப்பிட வேண்டும். பிளெண்டர் கோப்பில் மேற்பரப்புப் படங்களையும் பொதிந்து அனுப்ப வேண்டும். இல்லையேல் பிறர் கணினியில் அப்பரப்புகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். உதவுபவர் கோப்பைத் தாமே திருத்தித் தந்தால் அப்படைப்பு மட்டுமே சீராகும். காரணத்தை விளக்கினால், பயில்பவர் அடுத்த படைப்பில் அக்குறையைத் தாமே களைவார்.